கிரேக்கக் கதைக்கு அஞ்சு அங்கம், நம்ம இராமனுக்கு அஞ்சு நிமிஷம்

"ஓபரா எல்லாம் நம்மகிட்ட கிடையாது சார். அது வெள்ளைக்காரன் சமாச்சாரம்."

இந்த வசனத்தை இதுவரைக்கும் எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. தாம்பரம் - பீச் மின்சார ரயிலில், குரோம்பேட்டை காய்கறிக் கடை வாசலில், மார்கழி மாச சபா கேண்டீனில்... சொல்றவர் பெரும்பாலும் நாலு ராகம் கண்டுபிடிக்கத் தெரிஞ்சவராக வேற இருப்பார். அதான் கடுப்பு.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். நம்மகிட்ட ஓபரா இருக்கு. பழங்கதையை எடுத்து, பாத்திரம் பாத்திரமா பிரிச்சு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும் பாட்டாலேயே சொல்லிக்கிட்டுப் போற நாடகம் இருக்கு. நாமதான் அதைத் துண்டு துண்டா வெட்டி, கச்சேரி கடைசியில ஊறுகாய் மாதிரி தொட்டுக்கறோம். அப்புறம் "சாப்பாடே இல்லை, ஊறுகாய் மட்டும்தான் இருக்கு"ன்னு புலம்பறோம். இதுக்கு பேரு அடக்கமா, அறியாமையா, இல்ல சோம்பேறித்தனமான்னு நீங்களே கடைசியில முடிவு பண்ணுங்க.

கொஞ்சம் நீளமான பதிவு. பாரிஸ் வரைக்கும் போயிட்டு சீர்காழி வழியா தாம்பரம் திரும்பணும். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

* * *

முதல்ல பாரிஸ்.

பிரெஞ்சு ஓபராவோட கணக்கை 1673-லேர்ந்து ஆரம்பிக்கலாம். பதினாலாம் லூயி ராஜா காலம். லுல்லின்னு ஒரு இசையமைப்பாளர், கினோன்னு ஒரு கவிஞர். ரெண்டு பேரும் சேர்ந்து 'காட்மஸ் - எர்மியோன்' கதையை மேடையேத்தினாங்க. காட்மஸ் யாருன்னா, கிரேக்கப் புராணத்துல டிராகனைக் கொன்னு அதோட பல்லை நிலத்துல விதைச்சவன். அடுத்த வருஷம் 'அல்செஸ்ட்'. புருஷன் உயிருக்குப் பதிலா தன் உயிரைக் கொடுக்கற பெண்ணோட கதை. 1676-ல 'அத்திஸ்'. 1682-ல 'பெர்சே', அதாவது மெடூசா தலையை வெட்டினவன் கதை. எல்லாத்துலயும் அஞ்சு அங்கம். அதுக்கு முன்னாடி ராஜாவைப் புகழ்ந்து ஒரு முன்காட்சி. நம்ம கூத்துல காப்பும் கட்டியமும் சொல்லி ஆரம்பிக்கிற மாதிரியேன்னு வச்சுக்குங்களேன்.

(கொசுறு: பிரெஞ்சு ஓபராவோட தகப்பன்னு சொல்லப்படற இந்த லுல்லி பிறந்தது இத்தாலியில, ஃபிளாரன்ஸ் நகரத்துல. பின்னாடி வந்த குளுக் ஜெர்மன் நாட்டுல பிறந்தவர். ஆஃபன்பாக்கும் அப்படித்தான். கலப்படம் ஆகாத சுத்தமான கலைன்னு பேசறவங்க கவனிக்க. :-))

1733-ல ராமோ வந்தார். அம்பது வயசுல முதல் ஓபரா, 'இப்போலித் - அரிசி' (சாப்பிடற அரிசி இல்லீங்க, நாயகி பேரு). 1774-ல குளுக் ஒரே வருஷத்துல பாரிஸ்ல ரெண்டு போட்டார். 'அவுலிசில் இபிஜீனியா', 'ஆர்ஃபே - யூரிடிஸ்'. 1779-ல 'தௌரிசில் இபிஜீனியா'. 1858-ல ஆஃபன்பாக் அதே ஆர்ஃபே கதையை எடுத்து, பாதாள லோகத்துல எல்லாக் கடவுளையும் ஆட்டம் போட வச்சு, ஒரேயடியா கலாய்ச்சுத் தள்ளினார். கேன்-கேன் ஆட்டத்துக்கு உலகம் பூரா போடறாங்களே ஒரு மெட்டு, அது அந்த நாடகத்துலேர்ந்து வந்ததுதான்.

கவனிக்க வேண்டியது என்னன்னா, இதுல ஒண்ணு கூட புதுக்கதை கிடையாது. பாரிஸ்ல படிச்சவங்க அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துலயே ஓவிட் எழுதின புராணத் தொகுப்பைக் கரைச்சுக் குடிச்சவங்க. ஆர்ஃபே திரும்பிப் பார்ப்பான், பொண்டாட்டி போயிடுவாங்கறது உள்ளே வரும்போதே தெரியும். பத்தாததுக்கு அரங்க வாசல்லயே பாட்டுப் புத்தகம் வேற வித்தாங்க. நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ்ல வித்த மாதிரியே. கதை தெரிஞ்சவன், பாட்டு வரி கையில வச்சிருக்கிறவன் ராத்திரி பூரா எதுக்காக உக்கார்ந்தான்? 'என்ன நடக்கும்'னு பார்க்க இல்லை. 'இவன் இதை எப்படிச் செய்யறான்'னு பார்க்க.

இது நமக்குப் புதுசா என்ன?

* * *

கதைகளையே எடுத்துக்குங்க.

இபிஜீனியா யாரு? கிரேக்கப் படை டிராய் நகரத்து மேல போருக்குக் கிளம்பி நிக்குது. காத்து அடிக்கலை, கப்பல் நகரலை. தேவதைக்குக் கோபம். படைத்தலைவன் அகமெம்னோன் தன் பொண்ணையே பலி கொடுத்தாத்தான் காத்து வரும்னு பூசாரி சொல்லிடறார். ஒரு பக்கம் படை, ஒரு பக்கம் பெத்த பொண்ணு.

இதைப் படிச்சதும் உங்களுக்கு அரவான் ஞாபகம் வரலைன்னா நீங்க நம்ம பக்கத்து ஆளே இல்லை. குருக்ஷேத்திரப் போருக்கு முன்னாடி காளிக்குக் களப்பலி. முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்தின ஆள் வேணும். அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த பிள்ளை தலையைக் கொடுக்கறான். குளுக்கோட ஓபராவுல கடைசி நிமிஷத்துல தெய்வம் மனசு இரங்கி பொண்ணைப் பிழைக்க விட்டுடுது. நம்ம கூத்துல அந்தச் சலுகை எல்லாம் கிடையாது. தலை போனது போனதுதான். அந்தத் தலை உக்காந்து போரைப் பார்க்கும், அவ்வளவுதான்.

ராமோவோட இப்போலித் கதை? சின்னம்மா, மூத்தாள் பிள்ளை மேல ஆசைப்படறா. அவன் மறுக்கறான். பழி அவன் மேல விழுது. அப்பன் விசாரிக்காம சாபம் விடறான். கடைசியில தேவதை காப்பாத்திக் கொண்டுவந்து சேர்க்குது. நம்ம சாரங்கதரா கதையும் இதே வார்ப்புதான். சித்திராங்கி ஆசைப்பட்டு, அவன் மறுத்து, ராஜா நரேந்திரன் கையையும் காலையும் வெட்டச் சொல்லி, சித்தர் வந்து திரும்ப முளைக்க வைப்பார். பம்மல் சம்பந்த முதலியார் நாடகமா எழுதினார். 1958-ல சிவாஜி நடிச்சு படமாவே வந்துச்சு.

ஆர்ஃபே செத்துப்போன பொண்டாட்டியை மீட்க பாட்டுப் பாடிக்கிட்டு பாதாளத்துக்குப் போறான். நம்ம ஊர்ல சாவித்திரி புருஷனை மீட்க எமன்கிட்ட வாதாடறா. சங்கரதாஸ் சுவாமிகளோட 'சத்தியவான் சாவித்திரி' முழுக்கப் பாட்டுதான். அங்க ஆம்பளை போய் கோட்டை விட்டுட்டு வர்றான், இங்க பொம்பளை போய் ஜெயிச்சுட்டு வர்றா. யாரு கதை மேல்னு நான் சொல்ல மாட்டேன். வீட்டுல சாப்பாடு வேணும். :-)

ஆஃபன்பாக் தன் நாடகத்துல 'பொதுஜன அபிப்பிராயம்'னு ஒரு பாத்திரத்தையே மேடையில விட்டார். "ஊர் என்ன சொல்லும்? போய் பொண்டாட்டியைக் கூட்டிட்டு வா"ன்னு ஆர்ஃபேயைத் தள்ளிக்கிட்டுப் போகும் அது. நம்ம கட்டியங்காரன் பண்றதும் ஏறக்குறைய அதே வேலைதான். துரியோதன மகாராஜாவையே "என்னா மாமா, மூஞ்சி வேர்த்திருக்கு"ங்கற தோரணையில கலாய்ப்பான்.

ஆக, கதையிலயும் குறை இல்லை, கலாய்க்கிறதுலயும் குறை இல்லை.

* * *

இப்ப சீர்காழி.

தில்லையாடியில 1711-ல பிறந்து சீர்காழியில வாழ்ந்த அருணாசலக் கவிராயர், கம்பராமாயணத்தை எடுத்து இராம நாடகக் கீர்த்தனைன்னு ஒரு முழு இசை நாடகம் எழுதினார். பால காண்டத்துலேர்ந்து யுத்த காண்டம் வரைக்கும், ஆறு காண்டம். சட்டநாதபுரத்து வேங்கடராம ஐயரும் கோதண்டராம ஐயரும் மெட்டுப் போட உதவினாங்க. கம்பனுக்கு ஆன மாதிரியே ஸ்ரீரங்கத்துல அரங்கேற்றம்.

கவிராயர் காலமானது 1779. அதே வருஷம்தான் பாரிஸ்ல குளுக்கோட ரெண்டாவது இபிஜீனியா மேடையேறுது. ஒருத்தர் ஹோமர் காலத்துக் கதையைப் பாட்டாக்கறார், ஒருத்தர் கம்பன் காவியத்தைப் பாட்டாக்கறார். ஒருத்தருக்கு இன்னொருத்தர் இருக்கறதே தெரியாது. ஆனா செய்யற காரியம் ஒண்ணு.

வடிவத்தையும் பாருங்க. ஓபராவுல கதையை நகர்த்தறதுக்கு பேச்சும் பாட்டுமா ஒரு நடை உண்டு. இங்க அந்த வேலையை விருத்தம் பண்ணுது. அங்க ஒரு பாத்திரம் நின்னு மனசைக் கொட்டற பாட்டு உண்டு. இங்க அதுக்குப் பேரு தரு. ஒவ்வொரு தருவுக்கும் யார் பாடறா, யாரைப் பார்த்துப் பாடறா, எந்த இடம்னு புத்தகத்துல தெளிவா இருக்கும். இதை ஓபரான்னு சொல்லக் கூடாதுன்னா, எதைச் சொல்லணும்?

அடுத்தது இன்னும் ருசியான விஷயம். கோபாலகிருஷ்ண பாரதியாரோட நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. அது முதன்முதலா அச்சாகறதுக்குக் காரணமா இருந்தவர் காரைக்கால்ல இருந்த சீசேங்கற பிரெஞ்சு அதிகாரி. 1860-களோட தொடக்கம். பாரிஸ்ல ஆஃபன்பாக்கும் பெர்லியோஸும் கிரேக்கக் கதையைப் போட்டுக்கிட்டிருந்த அதே காலம். இங்க மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே "இலக்கணப் பிழை இருக்கு"ன்னு சிறப்புப் பாயிரம் கொடுக்க ரொம்ப நாள் இழுத்தடிச்சாராம். பாரதியார் திண்ணையில உக்காந்து பாடின பாட்டைக் கேட்டு உருகினப்புறம்தான் எழுதிக் கொடுத்தார்னு சொல்லுவாங்க. அந்தப் பிரெஞ்சுக்காரருக்கு நம்ம இலக்கணம் எவ்வளவு புரிஞ்சிருக்குமோ. இது புத்தகமா நிக்க வேண்டிய சரக்குங்கறது மட்டும் அவருக்குப் புரிஞ்சிருக்கு.

* * *

சரி, இந்தச் சரக்கை நாம என்ன பண்ணினோம்?

தனி ஆவர்த்தனம் முடியும். பாதிப் பேர் கேண்டீனுக்குப் போவாங்க. மீதிப் பேர் கடைசி ரயிலை நினைச்சு கடிகாரத்தைப் பார்ப்பாங்க. அப்ப வரும் 'யாரோ இவர் யாரோ'. கவிராயர் பாட்டு. பைரவியில அருமையா இருக்கும், மறுக்கலை. ஆனா பழைய முறைப்படி அது சாவேரி. பாட்டை மேடைக் கச்சேரிக்கு ஏத்த மாதிரி மெட்டு மாத்தினது பின்னாடி நடந்தது. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பாட்டு மிதிலைத் தெருவுல நடந்து போற இராமன், மாடத்துல நிக்கிற சீதையை முதல் தடவையா பார்த்து ஆச்சரியப்பட்டுப் பாடறது. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி அவ என்ன பதில் பாடறா, கூட வர்ற விசுவாமித்திரர் எங்க, எதுவும் கிடையாது. அஞ்சு நிமிஷம். முடிஞ்சா மங்களம்.

இதையாவது விட்டுடலாம். 'வருகலாமோ'வை என்னால விட முடியலை.

நந்தன் ஒரு பண்ணையாள். சிதம்பரம் போகணும்னு ஆசை. பாரதியார் நாடகத்துல அவனுக்கு ஒரு வேதியர் முதலாளி உண்டு. "வயலை முடிச்சுட்டுப் போ"ன்னு தடுக்கிற முதலாளி. கவனிங்க, சேக்கிழாரோட பெரிய புராணத்துல இந்த வேதியர் பாத்திரமே கிடையாது. பாரதியார் தானா உண்டாக்கினது. பழைய கதையை எடுத்து, தன் காலத்துல வயக்காட்டுல என்ன நடக்குதோ அதை உள்ள நுழைச்சார். ஒரு நாடகக்காரன் செய்ய வேண்டிய மிகப் பெரிய காரியம் அது. குளுக்கும் ஆஃபன்பாக்கும் புராணக் கதையில கை வச்சாங்க. இந்த அளவுக்கு நெஞ்சுல குத்தற இடத்துல கை வைக்கலை.

'வருகலாமோ' அந்த நந்தன் சன்னிதிக்கு வெளியே நின்னு, உள்ள வர்றதுக்கு எனக்கு உரிமை உண்டான்னு கேக்கற கேள்வி. அந்த வேதியர், அந்த வயல், ஊர்ப் பெரியவங்க மிரட்டல், "நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்"னு வருஷக்கணக்கா தள்ளிப்போன ஏக்கம், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து இந்தப் பாட்டைக் கேட்டா உடம்பு ஒரு தடவை ஆடிப் போகும். இதையே தனியா வெட்டி எடுத்து, பட்டுப்புடவையும் சென்ட் வாசனையுமா இருக்கிற ஹால்ல, மாஞ்சி ராகம் எவ்வளவு உருக்கம்னு தலையாட்டிக் கேட்டா? முதலாளி காணாமப் போயிட்டான். வயல் காணாமப் போச்சு. கேள்வியும் காணாமப் போச்சு. ராகம் மட்டும் மிச்சம்.

துக்கடாங்கறது நேரப் பிரச்னை மட்டும்னு நினைக்காதீங்க மக்களே. வெட்டறப்ப எது வெளிய விழுதுங்கறதுதான் விஷயம். எப்பவும் விழறது கதை. கதையோட சேர்ந்து விழறது, அந்தக் கதை நம்மளைப் பார்த்துக் கேக்கற கேள்வி.

* * *

"பிரான்ஸ்ல மட்டும் என்ன ஒழுங்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அங்கயும் வெட்டினாங்க.

பெர்லியோஸ்னு ஒரு இசையமைப்பாளர். வெர்ஜில் காவியத்தை வச்சு 'டிராய்வாசிகள்'னு அஞ்சு அங்கத்துல ஒரு பிரம்மாண்டமான ஓபரா. 1858-ல எழுதி முடிச்சார். டிராய் நகரம் குதிரையால அழியறது முதல் பாதி, தப்பிச்சுப் போன ஈனியாஸும் ராணி டைடோவும் ரெண்டாவது பாதி. 1863-ல பாரிஸ்ல ரெண்டாவது பாதியை மட்டும்தான் போட்டாங்க. அதையும் முழுசா விடலை. காட்சி மாத்த நேரமாகுதுன்னு, அந்த ஓபராவுலயே பேர்போன வேட்டையும் புயலும் காட்சி முதல் நாளோட காலி. அப்புறம் ஒவ்வொரு துண்டா போச்சு. முழுசா மேடையில பார்க்காமயே 1869-ல செத்தும் போனார் மனுஷன்.

லுல்லியோட 'அத்திஸ்' ராஜாவுக்கே ரொம்பப் பிடிச்ச ஓபரா. அதையும் இருநூறு வருஷத்துக்கு மேல தூசியில போட்டாங்க. ராமோவோட கடைசி ஓபரா 'லே போரியாத்', வாடைக்காத்து தேவனோட வம்சத்துக் கதை. 1763-ல ஒத்திகை பார்த்ததோட சரி, மேடையேறவே இல்லை.

ஆனா அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1982-ல 'லே போரியாத்' தென் பிரான்ஸ்ல எக்ஸ் நகரத்து விழாவுல முதன்முதலா மேடை ஏறுச்சு. ஒத்திகைக்கும் மேடைக்கும் நடுவுல ரெண்டு நூற்றாண்டு! 1987-ல வில்லியம் கிறிஸ்டியோட குழு 'அத்திஸ்'ஸை பாரிஸ்ல முழுசா போட்டாங்க. பழைய வாத்தியம், பழைய ஆட்டம், பழைய உச்சரிப்புக் கவனம், எல்லாத்தோடயும். அதைப் பார்த்து மயங்கின ஒரு அமெரிக்கப் பணக்காரர், இன்னொரு தடவை பார்த்தே ஆகணும்னு தன் காசைப் போட்டு 2011-ல திரும்பவும் போட வச்சார். பாரிஸ்ல பஸ்தீய் சதுக்கத்துல அரசாங்கம் கட்டின புது ஓபரா அரங்கத்துல, 1990-ல மேடையேறின முதல் ஓபரா எது தெரியுமா? 1863-ல கூறு போட்ட அதே 'டிராய்வாசிகள்'.

வெட்டினது தப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒட்டிக் காட்டிட்டாங்க. நாம இன்னும் கத்தரிக்கோலைக் கையில வச்சுக்கிட்டு, "துணியே இல்லையே"ங்கறோம்.

* * *

இந்தப் பேச்சை எடுத்தா வழக்கமா வர்ற சால்ஜாப்புகள் நாலு. வரிசையா பார்த்துடலாம்.

1. "தெரிஞ்ச கதை, போரடிக்கும்." ஏங்க, இராமாயணம் டிவியில வந்தப்ப தெரு காலியாக் கிடந்துச்சே, அப்ப கதை தெரியாமலா இருந்துச்சு? அதே கல்யாணப் பாட்டை அம்பது வருஷமா கேக்கறோம். தெரிஞ்ச ராகத்தையே ஒரு மணி நேரம் ஆலாபனை கேக்கறவங்க தெரிஞ்ச கதைக்கு மூக்கைச் சுளிக்கிறது வேடிக்கை.

2. "அவ்வளவு நேரம் யார் சார் உக்காருவா?" கலாக்ஷேத்திராவுல ருக்மிணி தேவி 1955-லேர்ந்து 1970-க்குள்ள வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகமா போட்டாங்க. இன்னிக்கும் அதைத் தொடர்ச்சியா போட்டா திருவான்மியூர்ல கூட்டம் வருது. தஞ்சாவூர் பக்கம் மெலட்டூர்ல வருஷா வருஷம் நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா ராத்திரி பூரா நடக்குது, அதுவும் தெலுங்குல. உக்காந்துதான் பார்க்கறாங்க. வீட்டுல ஒரே ராத்திரியில எட்டு எபிசோடு வெப் சீரிஸ் பார்த்துட்டு கண்ணு சிவந்து ஆபீஸ் போறவங்க நேரத்தைப் பத்திப் பேசலாமா?

3. "காசு வேணுமே." வேணும். பிரான்ஸ்ல அன்னிக்கு ராஜா கொடுத்தார், இன்னிக்கு அரசாங்கம் கொடுக்குது. உண்மைதான். ஆனா நான் பஸ்தீய் அரங்கம் கேக்கலை. நாலு பாடகர், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு ஜால்ரா, நடுவுல கதையை இணைச்சுச் சொல்ல ஒருத்தர். இது ஒரு சாதாரணக் கச்சேரியை விட எவ்வளவு கூட ஆகிடும்?

4. "ஓபரான்னா அம்பது வாத்தியம், பல குரல் சேர்ந்த இசை. நம்மளோடது அப்படி இல்லையே." இதை இட்லிக்கு சாம்பார்தான், ரொட்டிக்கு வெண்ணெய்தான்னு விட்டுடுங்க. லுல்லி காலத்துல இருந்தது பெர்லியோஸ் காலத்துல இல்லை, அதுக்காக லுல்லி ஓபரா இல்லைன்னு யாரும் சொல்லலை.

எங்க பக்கத்துல ஒரு சபா. பேர் வேண்டாம். இராம நாடகத்துலேர்ந்து மிதிலைக் காட்சியை மட்டுமாவது விருத்தம், தரு எல்லாம் வரிசையா வச்சு முக்கால் மணி நேரம் போடலாமேன்னு கேட்டேன். பொறுப்புல இருந்தவர் ரொம்ப மரியாதையா, "பேஷா போடலாம் சார். கடைசில ரெண்டு பாட்டு சேர்த்துக்கச் சொல்றேன்"ன்னார். நான் கேட்டது என்னன்னே அவருக்குப் புரியலை. அவரைக் குத்தம் சொல்லலை. துண்டையே பார்த்து வளர்ந்தவருக்கு முழுசுன்னு ஒண்ணு இருக்கறதே தோணாது. அதான் எனக்குப் பயம்.

* * *

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், வண்டலூர்... இதெல்லாம் அடுக்குமாடியாகறதுக்கு முன்னாடி ஏரியை நம்பி இருந்த செங்கல்பட்டுச் சீமை ஊருங்க. இந்தச் சீமையும், காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை பக்கமும் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்ல பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில படுகளம், தீமிதி. அங்க துக்கடா கிடையாது. துகிலுரிதல்னா துகிலுரிதல் முழுசு. கர்ண மோட்சம்னா விடியும்போதுதான் கர்ணன் சாவான். நம்ம ஓபரா வெட்டுப்படாம உயிரோட இருக்கற இடம் அதுதான். ஆனா நகரம் வந்து முட்டற ஊர்லயெல்லாம் கூத்துக்குப் பதிலா ஆர்கெஸ்ட்ரா வருது. "கூத்து போட்டா யார் சார் வர்றா, பட்டிக்காட்டுத்தனமா இருக்கும்"னு சொல்றதும் படிச்ச நாமதான்.

அந்தப் 'பட்டிக்காட்டுத்தனத்தை' பாரிஸ் எப்படிப் பார்த்துச்சுன்னு கேளுங்க. ஆரியான் மினுஷ்கின்னு ஒரு நாடக இயக்குநர், 'தெயாத்ர் து சொலெய்' குழுவோட தலைவி. 1990-லேர்ந்து 1992 வரைக்கும் அகமெம்னோன் குடும்பத்துக் கதையை, ஆமா, அதே இபிஜீனியாவுல ஆரம்பிச்சு, நாலு நாடகமா போட்டவங்க. அதுல நம்ம கதகளி சாயல் தெரியும். அவங்களே 2016-ல 'இந்தியாவில் ஓர் அறை'ன்னு ஒரு நாடகம் போட்டாங்க. அதுக்கு அவங்க தேடி வந்தது திருவண்ணாமலை மாவட்டத்து புரிசை கிராமம். கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான்கிட்ட அவங்க நடிகர்கள் தெருக்கூத்து கத்துக்கிட்டு, பாரதக் காட்சிகளை பாரிஸ் மேடையில ஆடினாங்க.

இபிஜீனியாவைக் கரைச்சுக் குடிச்சவங்களுக்கு நம்ம திரௌபதியோட அருமை தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு காரைக்கால்ல சீசேவுக்கு நந்தனோட அருமை தெரிஞ்ச மாதிரி. ஒவ்வொரு தடவையும் நம்ம வீட்டுப் பொருளுக்கு பிரெஞ்சுக்காரன் வந்துதான் விலை சொல்லணுமா? கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா?

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்லை.

இந்தத் தென்சென்னைப் புறநகர்ல இருக்கற சபாக்கள்ல ஏதாவது ஒண்ணு, வர்ற மார்கழியில, ஒரே ஒரு சாயங்காலம், நந்தனார் சரித்திரத்தை வேதியரோட சேர்த்து முழுசா போடட்டும். அடுத்த வருஷம் இராம நாடகத்துல ஒரு காண்டம். வருஷத்துக்கு ஒண்ணுன்னா ஆறு வருஷத்துல ஆறு காண்டமும் முடிஞ்சுடும். வாசல்ல பத்து ரூபாய்க்குப் பாட்டுப் புத்தகம் வைங்க, லுல்லி காலத்துல வச்ச மாதிரி. கோயில் விழாக் குழுவுல இருக்கற அண்ணன்மார்களே, பத்து நாள் விழாவுல ஒரு ராத்திரியை கூத்துக்கு விடுங்க. ஆர்கெஸ்ட்ராவுக்கு மீதி ஒம்பது நாள் இருக்கு.

பாடறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். துக்கடா பாடுங்க, வேண்டாங்கலை. பாடறதுக்கு முன்னாடி ஒரு அரை நிமிஷம், "இது யார், யாரைப் பார்த்து, எங்க நின்னு கேக்கறது"ன்னு சொல்லிட்டுப் பாடுங்க. அரை நிமிஷத்துல யார் ரயிலும் போயிடாது. போனாலும் தாம்பரத்துக்கு அடுத்த வண்டி உண்டு.

டிஸ்கி 1: ஓபரா ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். உங்க ஆளுங்களை நான் திட்டவே இல்லை, பாராட்டித்தான் இருக்கேன்.

டிஸ்கி 2: சபா செயலாளர்கள் தாராளமா அனுப்பலாம். அதே ஆட்டோவுல ஏறி வந்து நந்தனார் பத்திப் பேசத் தயார்.